காலி நாற்காலிகள்

கூட்டாட்சி நீதிமன்றத்தின் உயரமான சன்னல் வழியே சாயும் மாலை வெயில், ஜூரிகளின் காலி நாற்காலிகள்மேல் கிடக்கிறது. ராணுவ ஆஸ்பத்திரியின் கவனக்குறைவுக்காக அரசாங்கத்தின்மேல் போட்ட வழக்கு; நாளை விசாரணை. அரசாங்கத்தின்மேல் வழக்கென்பதால் தீர்ப்புச் சொல்ல ஜூரி கிடையாது, நீதிபதி ஒருவர்தான். ஒத்திகைக்காகச் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் வெர்லின், தொப்பியை உருட்டியபடி, மனைவி லோரெட்டா அந்த ஆஸ்பத்திரியில் இறந்த கதையை அந்த நாற்காலிகளிடமே சொல்லிக்கொண்டிருக்கிறார். "மறுபடியும் அங்கயா? நாளைக்கு அங்க ஈ காக்கா இருக்காது, வெர்லின். நீதிபதியைப் பாத்துச் சொல்லுங்க," என்று சலித்துக்கொள்கிறாள் அவருடைய வக்கீல் கொரின். "தெரியும் வக்கீலம்மா. மனுஷ முகத்தைப் பாத்தாப் பாதியிலயே நின்னுடுது. காலி நாற்காலின்னா முழுசாச் சொல்லிடுவேன்." கொரின் பேனாவை மூடிவைக்கிறாள். "சரி, அங்கயே பாருங்க. நீதிபதி காதால கேட்டுக்கட்டும்." வெர்லின் முதலிலிருந்து தொடங்குகிறார். இந்த முறை கொரின்தான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.