ஏழு நாள் புழு

தொற்று பரவிய அந்த நாள்களில், கை கழுவ வாசலில் குழாய் வைத்த வாளி இல்லாத வீடே கிடையாது. அந்தத் தண்ணீரில் மலேரியாக் கொசு முட்டையிட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வேலை நேரத்தில் அவள் எல்லோருக்கும் 'கொசு மேடம்'தான். தாட்சண்யமே கிடையாது. புழு இருந்தால் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிடுவாள்.

கடைசி வீட்டு வாசலில் பனியனோடு ஒருவர் நின்றிருந்தார்.

"வெளியே போயிட்டு வந்தா கை கழுவுறீங்களா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? தினம் பத்துத் தடவை. கையே தேஞ்சு போச்சு."

மூடி சரியாக மூடாத வாளியிலிருந்து அவள் ஒரு கரண்டி தண்ணீர் மொண்டு வெயிலில் காட்டினாள். புழுக்கள் நெளிந்தன.

"இது இவ்வளவு பெருசா வளர ஏழு நாள் ஆகும். தண்ணி தினம் செலவாகியிருந்தா வளர்ந்தே இருக்காது. ஒரு வாரமா இந்த வீட்ல ஒருத்தர்கூடக் கை கழுவலை."

"அதை அப்படியே எழுதிடுவீங்களா?"

"எழுதாம?" விறுவிறுவென்று எழுதினாள்.

"தெருவே பார்க்கும் மேடம். மானம் போயிடும்."

"பொய் சொல்றப்ப அது தெரியலையா?" என்றவள், பழக்க தோஷத்தில் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாள். "வீட்ல மொத்தம் எத்தனை பேரு?"

"ரெண்டே பேருதான். நானும் நீயும்."

பேனா நின்றது.

"நிறுத்தாத, எழுது," என்றார் கணவர். "நான் போய்ப் பசை எடுத்துட்டு வரேன்."