ராணி கலர்

பியூரெட் குழாயின் திருகில் அவள் கை வைத்த நேரத்தில்தான் ஆய்வக வாசலில் தலைமையாசிரியை எஸ்தர் வந்து நின்றார். கூடவே ஓர் இளம்பெண். புதுப் புடவை, மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், இவங்க பவதாரணி. நம்ம ஸ்கூலுக்கு கெமிஸ்ட்ரி போட்டிருக்காங்க. இப்பதான் ஜாயின் பண்ணாங்க." எஸ்தர் தரையைப் பார்த்தார். "இந்த பீரியட மட்டும் நீங்களே முடிச்சிடுங்க."

நல்ல மனுஷி. தரையைப் பார்த்தபடியே போய்விட்டார்.

பவதாரணி உள்ளே வந்து சுவரோரமாக நின்றாள்.

பவதாரணிக்கு முன்னால், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலுக்கு ஆளில்லாமல் பள்ளி திண்டாடிய சமயத்தில், பி.எட். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாடம் தெரிந்தவர் வந்தால் போதும் என்று கூப்பிட்டார்கள். மருந்துக் கம்பெனியின் தரச்சோதனைக் கூடத்தில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவள், வேலையை உதறிவிட்டு ஓடி வந்தாள். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நிரந்தர ஆசிரியர் வரும் வரை என்று உத்தரவில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கெல்லாம் நாளாகும் என்று மனசு தன் பாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டது. மனசின் கணக்குக்கு யார் மார்க் போடுவது?

ஆசிரியர் அறையில் அவளுக்குக் கம்பெனி மேடம் என்று பெயர். போகட்டும். மாணவிகளுக்கு அவள் மிஸ்.

அந்த மாணவிகள் இப்போது மேசையைச் சுற்றி ஒருத்தி தோள்மேல் ஒருத்தி சாய்ந்து நின்றார்கள். விஷயம் புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குக் கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இடது கை திருகில். வலது கையில் கூம்புக் குடுவை.

மேலிருந்து காரம் ஒரு சொட்டு விழுந்தது. குடுவையின் அமிலத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கீற்று எழுந்தது. ஒரு சுழற்றில் காணாமல் போனது.

"ஏன் மிஸ் மறைஞ்சு போவுது?"

யாஸ்மின். போன வகுப்பிலும் இதையே கேட்டவள்தான்.

"அமிலம் இன்னும் மிச்சமிருக்குடா. விழுற காரத்தையெல்லாம் அது தின்னுடுது. அது தீர்ந்தாத்தான் நிறம் நிக்கும்."

கம்பெனியில் இதை எத்தனை முறை செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு தடவைகூட யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எண்ணை எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், அடுத்த குடுவையை எடுத்தாள். வருடங்கள் அப்படியே போயின.

பி.எட். படித்துவிட்டு வரலாம்தான். இரண்டு வருடம். அப்போது இதே மேசையைச் சுற்றி வேறு பெண்கள் நிற்பார்கள்.

அவளுக்கு இவர்கள் வேண்டும். இந்த யாஸ்மின் வேண்டும். கேட்டதையே திரும்பக் கேட்டு உயிரை வாங்கும் இந்தக் குரல் நாளைக்குக் காலையிலும் வேண்டும்.

சொட்டு.

கீற்று மறைய இப்போது கொஞ்சம் நேரம் பிடித்தது. முடிவு நெருங்குகிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. வெளிறிய இளஞ்சிவப்பு வந்து நிற்கும். அளவைக் குறித்துக்கொள்ளச் சொல்வாள். எல்லாவற்றையும் கழுவி வைக்கச் சொல்வாள். பிறகு அலமாரிச் சாவியைப் பவதாரணியிடம் கொடுக்க வேண்டும்.

சொட்டு.

வந்தது. நின்றது. பழகிய கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு, அவ்வளவு வெளிறலாக.

அவள் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

திருகு திறந்தே இருந்தது.

குடுவை முழுக்க ராணி கலர் ஆகிவிட்டது.

மாணவிகள் குடுவையை எட்டிப் பார்த்தார்கள். மிஸ்ஸின் கை தவறி அவர்கள் பார்த்ததில்லை.

"அளவு தாண்டிடுச்சு," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"கெடுத்தவங்களேதான் திரும்பப் பண்ணணும் மிஸ்," என்றாள் யாஸ்மின், மெதுவாக.

கம்பெனிச் சட்டம் அது. கெட்டுப்போன சோதனையை அடுத்தவர் தலையில் கட்டக் கூடாது. மிஸ்தான் அதை வகுப்புக்குக் கொண்டுவந்து, ஒருத்தி விடாமல் வருடம் முழுக்கப் படுத்தியெடுத்திருந்தாள். இத்தனை நாள் அவர்கள் அதற்காக முணுமுணுத்தவர்கள். இப்போது எல்லாரும் வேகமாகத் தலையாட்டினார்கள்.

"ஆமா. நான்தான் பண்ணணும்."

நிமிர்ந்தபோது பவதாரணி கண்ணில் பட்டாள். எப்போது மேசை அருகே வந்தாளோ தெரியவில்லை. அந்தப் பெண் குடுவையைப் பார்க்கவில்லை. திருகின் மேல் இன்னும் இருந்த இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளும் வேதியியல் படித்தவள். நிஜமாகவே கை தவறினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

கம்பெனி மேடத்துக்கு முகம் சுட்டது. கையை எடுத்துக்கொண்டாள்.

பவதாரணி புதுப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகினாள். குடுவையை எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டினாள். காய்ச்சி வடித்த நீர் விட்டு அலசினாள். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை அலசினாள். அவசரமே படவில்லை.

கொண்டுவந்து பியூரெட்டுக்குக் கீழே இருந்த வெள்ளை ஓட்டின் மேல், மிஸ்ஸின் வலது கைக்கு எட்டும்படி வைத்தாள்.

பிறகு போய் யாஸ்மினுக்குப் பக்கத்தில், மாணவிகளோடு நின்றுகொண்டாள்.