கோவணத்தோடு ஒரு போட்டோ

துபாயிலிருந்து மகன் அனுப்பிய கேமரா வந்த நாளிலிருந்து தாமோதரனுக்கு வரப்பை விட்டு இறங்க மனசில்லை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காவாந்தண்டலத்தில் தன் நிலத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்.

குறி செங்கேணி. விளைச்சலில் பங்கு பேசி, அந்த நிலத்தை வாரத்துக்கு உழுகிறவன். அவனைக் கிளப்பிவிட்டால் ரைஸ் மில்காரனுக்கு நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம். கிளப்ப ஒரு சாக்கு வேண்டும். நெல் திருடும்போது ஒரே ஒரு படம் சிக்கினால் போதும்.

செங்கேணி திருடுகிற வழியாக இல்லை. அதற்காகத் தாமோதரன் சும்மா இருப்பாரா? அவன் ஏர் ஓட்டினால் ஒரு படம். நாற்றுக்கட்டு சுமந்தால் ஒரு படம். மடை திறந்தால் ஒரு படம். களை பறிக்க வந்த அவன் பெண்சாதி அம்முலு வாய்க்கால் புதர்ப் பக்கம் போனால், கேமராவும் அந்தப் பக்கம் திரும்பியது.

“இன்னா நைனா, ஒதுங்கக்கூட உடமாட்டியா? நெல்லையா கட்டிக்கினு போறேன்?” என்று கத்தினாள்.

“திருடாதவளுக்கு இன்னாடி பயம்?” என்றார் தாமோதரன்.

அறுப்பும் வந்தது. செங்கேணி தன் பங்குக் கட்டைத் தலையில் தூக்கினான். அதையும் பிடித்தார். ஃபிலிம் தீர்ந்தது.

மறுவாரம் பஸ் ஸ்டாப் புளியமரத்தில் ஒரு பலகை தொங்கியது. ‘நெல் திருடன் ஜாக்கிரதை!’ கீழே அத்தனை படங்களும். பாதிப் படங்களில் முகமே இல்லை. சேற்றில் குனிந்த முதுகும் கோவணமும்தான். ஆள் யாரென்று தெரியாமல் போய்விடக் கூடாதே என்று, ஒவ்வொன்றின் கீழும் சொந்தக் கையால் எழுதியிருந்தார். ‘செங்கேணி, என் நிலத்தில், சொர்ணவாரி போகத்து உழவு.’ ‘செங்கேணி, என் நிலத்தில், தண்ணீர் கட்டுகிறான்.’ கடைசியில் கையெழுத்து.

உத்திரமேரூர் பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்கள்.

“இன்னாப்பா செங்கேணி, பின்பக்கம் ஹீரோ கணக்கா கீது!” என்றார் கண்டக்டர்.

அம்முலுவுக்குப் பொறுக்கவில்லை. “சொரண கீதாய்யா உனுக்கு? போய் கிழிச்சிப் போடு!”

“கிழிச்சா பாதி ஒட்டிக்கினு நிக்கும். பலகையோட தூக்கணும்” என்றான் செங்கேணி.

அடுத்த நாள், உச்சி வெயிலில் ஊர் அடங்கிய நேரத்தில், பலகையைக் காணவில்லை. செங்கேணியையும் காணவில்லை.

“கொளுத்திட்டான்! ஆதாரத்தையே கொளுத்திட்டான்!” என்று தாமோதரன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

“பலகையைத் திருடினானா, நெல்லைத் திருடினானா?” என்று கேட்டார் ஏட்டு.

“ரெண்டையும்!”

அந்த வாரமே தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பலகை அங்கேதான் இருக்கிறதாம், உடனே வரவேண்டுமாம். தாமோதரன் கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு, புது ஃபிலிம் போட்ட கேமராவோடு கிளம்பினார். விலங்கு மாட்டும்போது ஒரு படம் எடுக்க வேண்டாமா?

அதிகாரியின் அறையில் பலகை சுவரோரம் சாத்தியிருந்தது. ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் செங்கேணி, சட்டை போட்டுக்கொண்டு நின்றான்.

“இந்தப் படம், எழுத்து, கையெழுத்து எல்லாம் உங்களுதா?” என்று கேட்டார் அதிகாரி.

“என்னுதுதான் சார்! ஒவ்வொண்ணும் நானே வரப்புல நின்னு எடுத்தது. ரெண்டு போகமா இவன் என் நிலத்துலதான் கெடக்கறான். எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்!”

அதிகாரி அதைப் பொறுமையாக எழுதிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டார்:

“அப்போ, தன்னைக் குத்தகைதாரரா பதிவு பண்ணச் சொல்லி இவர் மனு போட்டப்போ, ‘செங்கேணி என் நிலத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை’ன்னு எங்களுக்கு பதில் குடுத்தது யாரு?”