பின்பெஞ்சு

நகராட்சிக் கூட்டத்தைப் பொதுமக்களும் வந்து பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. யாரும் வந்ததில்லை. அறுபது தீர்மானங்களும் "ஆல் பாஸ்" என்ற ஒரே குரலில், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். கதவோரம் நிற்கும் உதவியாளர் மாசானம் இருபது வருடமாகக் கேட்டது அந்தக் குரலை மட்டும்தான்.

இந்த வருடம் ஊரின் டாக்டர்களும் வக்கீல்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். கூட்டத்துக்கு ஒருவராக முறைபோட்டு வந்து, பின்பெஞ்சில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் குறிப்பெடுத்தார்கள். நகராட்சித் தலைவருக்குப் பிடரியில் எறும்பு ஊர்வது போலிருந்தது.

"ஏல மாசானம், அந்தப் பெஞ்ச தூக்கி வெளிய போடு."

போட்டார். அன்று அறுவை சிகிச்சை டாக்டர் எஸ்தரின் முறை. சுவரில்கூடச் சாயாமல், நின்றபடியே எழுதினார். கால் கடுத்து ஓடட்டும் என்று தலைவர் கூட்டத்தை இழுத்தார். இழுக்க வேறு வழியில்லாமல், தீர்மானங்களை ஒவ்வொன்றாக முழுசாக வாசிக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் போயிற்று.

"காலு வலிக்கலையாம்மா?" மாசானம் மெல்லக் கேட்டார்.

"ஆபரேஷன்னா எட்டு மணி நேரம் நிப்பேண்ணே."

முப்பத்தெட்டாவது தீர்மானம், ஒன்பதாவது வார்டு விளையாட்டுத் திடலைத் தனியாருக்குக் குத்தகை விடுவது. அந்த வார்டு உறுப்பினர் பேச்சித்தாய் தூக்கிவாரிப்போட எழுந்தார்.

"எங்க திடலா? திரும்ப வாசிங்க."

"உக்காரும்மா, நேரமாவுது" என்றார் தலைவர்.

பேச்சித்தாய் திரும்பி எஸ்தரைப் பார்த்தார்.

"அவங்க நிக்காங்கல்லா. நானும் நிக்கேன். வாசிங்க."