சமவெளியில் நடந்த விபத்து

மூன்று அதிகாரிகளும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

எதிரே நின்ற வரைபடக்காரருக்கு அவர்களுடைய தலைகளும், அந்தத் தலைகளுக்கு மேலே மலையும் தெரிந்தன. மலையின் இடுப்பில் இன்னும் புகை.

நேற்றுக் காலை பயிற்சிக்குக் கிளம்பிய குண்டுவீச்சு விமானம் அங்கேதான் கிடக்கிறது. ஆறு பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. போருக்கே போகாமல் போரில் செத்தவர்கள்.

அவர்களில் ஒருவன் வரைபடக்காரரின் அக்கா மகன். மடியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு, எங்கே திரும்பலாம், எவ்வளவு இறங்கலாம் என்று விமானிக்கு வழி சொல்வது அவன் வேலை.

"கீழே வெறும் தரைதான், இறங்கலாம்" என்று அவன் சொன்னது வானொலி வழியே தளத்தில் இருந்தவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

விசாரணைக்கு அது போதும். அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில் 'வழிகாட்டியின் கவனக்குறைவு' என்று தட்டச்சு செய்தாகிவிட்டது. வரைபடம் சரியாக இருந்தது என்று வரைபடக்காரர் ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. மாலைத் தபாலில் ஒரு பிரதி அக்காவுக்குப் போகும். பெற்ற மகன் தானும் செத்து ஐந்து பேரையும் சாகடித்தான் என்பதை மிக மரியாதையான மொழியில் அவள் படித்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு வரியை மாற்றத்தான் அவர் வந்திருந்தார்.

"வரைபடத்துல அந்த இடத்துல மலை இருக்கா?" என்று கேட்டார் விசாரணைத் தலைவர்.

"வரைபடத்துல இல்லைங்க."

"அப்புறம் என்னய்யா?"

"உங்க முதுகுக்குப் பின்னால இருக்குங்க."

ஒருவரும் திரும்பவில்லை. ஓரத்தில் இருந்த இளைய அதிகாரியின் கழுத்து மட்டும் லேசாக அசைந்தது. தலைவர் பார்த்த பார்வையில் அதுவும் நேராகிவிட்டது.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வட்டாரத்தில் இருப்பது ஒரே ஒரு மலை. அதை அடையாளம் வைத்து எதிரி இந்த விமானத்தளத்தைக் கண்டுபிடித்துவிடுவான் என்று, ஆறு மாதத்துக்கு முன் மலையையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மலை இருந்த இடத்தைச் சமவெளியாக்கிப் புதிதாக வரைந்தது இவர்தான். உத்தரவு வந்தது, வரைந்தார்.

எடுத்த பிறகு அதைப் பற்றிப் பேசுவதும் குற்றமாயிற்று. சமையல்காரர்கூட, "அந்தாளு தலையில மேகம் நிக்குது, துணியெல்லாம் உள்ள எடுங்க" என்றுதான் சொல்வார்.

பழைய விமானிகளுக்கு இதில் சிக்கல் இல்லை. அவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதே கிடையாது. அதை நம்பியவர்கள் புதியவர்கள் மட்டும்தான். இந்த ஆறு பேர் ரயிலில் வந்து இறங்கியே ஆறு நாள்தான். ஆறு நாளும் மூடுபனி; கையை நீட்டினால் விரல் தெரியாது. பனியில் பறக்கப் பழகட்டும் என்றுதான் அனுப்பினார்கள். பனி விலகியது இன்று காலை.

இடையில் ஒரே ஒரு தடவை மாமனும் மருமகனும் சேர்ந்து தேநீர் குடித்தார்கள். அக்காவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். மற்றதைப் பேசக் கூடாது என்பது உத்தரவு.

வரைபடக்காரர் சட்டைக்குள் கையைவிட்டு, மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தார். பழைய வரைபடம். நடுவில் மலை, உயரத்தோடு.

"எரிக்கச் சொன்னதை வச்சிருக்கியே, இதுக்கே உன்னை உள்ள தள்ளலாம், தெரியுமா?"

"தள்ளுங்க. அந்த வரியை மாத்திட்டுத் தள்ளுங்க."

தலைவருக்குக் கோபம் வரவில்லை.

"உக்காருய்யா. சொந்த அக்கா மகனாமே, பாவம். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. நம்ம வரைபடத்தை வச்சுக்கிட்டு நம்ம பசங்களாலயே மலையைக் கண்டுபிடிக்க முடியல. எதிரியால முடியுமா? திட்டம் நல்லாத்தான் வேலை செய்யுது."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஒருவர் அதைக் குறித்தும் வைத்துக்கொண்டார்.

"மலைன்னு எழுதலாம். நான் மாட்டேன்னு சொல்லல. எழுதினா, எடுக்கச் சொன்னது யாருன்னு மேலிடத்துல கேப்பாங்க. நான்தான்னு சொல்லிடுவேன். யோசனை யாருதுன்னு அடுத்துக் கேப்பாங்கள்ல?"

கோப்பைத் திறந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்து வைத்தார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் தொங்கும் யோசனைப் பெட்டியில் போடும் சீட்டு. 'ஊழியர் யோசனை, இந்த மாதத்தின் முதல் பரிசு' என்று அதன் தலையில் முத்திரை.

வரைபடக்காரர் அதைப் படிக்கவில்லை. கீழே இருந்தது அவருடைய கையெழுத்து.

அறிக்கையை அவர் பக்கம் திருப்பி வைத்தார் தலைவர். வரைபடக்காரர் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"அட, நாம பரிசாக் குடுத்தது," என்றார் தலைவர், உண்மையான அக்கறையோடு. "இன்னும் நல்லா எழுதுதா?"

நன்றாகத்தான் எழுதியது.