தர்பூசணிச் சண்டை

ஜவுளிக்கடை முதலாளி ஒருவரின் கண்ணாடி அலமாரியில், பட்டாளத்தில் வேண்டாமென்று கழித்து ஏலம் போட்ட இரண்டு பழைய கைத்துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று மினுக்கன். போர்க்காலம் முழுக்க அவன் கிரீஸ் தடவிய காகிதத்துக்குள் கிடங்கில் தூங்கியவன். ஆனால் முதலாளி வருகிறவர்களிடமெல்லாம், "இது எத்தனை பேரைச் சாய்ச்சுதோ" என்று சொல்லச் சொல்ல, தான் சாய்த்தது உண்மைதான் என்று மினுக்கனே நம்பத் தொடங்கிவிட்டான். மற்றது, போர்முனைக்குப் போய்வந்த கீறலன்; பக்கத்தில் கிடந்த அவனை யாரும் கையில் எடுப்பதில்லை.

"அண்ணே, நீங்க யாரையாவது சுட்டிருக்கீங்களா?" என்று மினுக்கன் அடிக்கடி சீண்டுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி மினுக்கனைத் தோப்புக்குக் கொண்டுபோனார். முதலில் குண்டு சிக்கிக்கொண்டது. பிறகு குறி தப்பி மாமரத்தில் பட்டது. கடைசியில் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து வைத்த தர்பூசணி வெடித்துச் சிதறியது. நண்பர்கள் கைதட்டினார்கள். சட்டையில் வழிந்த சாற்றைத் துடைக்காமலே முதலாளி போட்டோ எடுத்துக்கொண்டார்.

மினுக்கன் அலமாரிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினான். "இன்னொரு சண்டையும் பார்த்துட்டேன் அண்ணே. எங்கே பார்த்தாலும் சிவப்பு."

"எதிரி திருப்பிச் சுட்டானா?" என்று கீறலன் முதல்முறையாக வாய் திறந்தான்.

"எங்கே சுட்டான்? வெச்ச இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்."

"நான் சுட்ட ஆளும் அப்படித்தான். குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்டிக்கிட்டிருந்தான்."

மினுக்கனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்போ நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான் அண்ணே."

கீறலன் மறுக்கவில்லை.