ரொட்டிப் பொட்டலத்து அட்டை

“காசெல்லாம் வேண்டாம் தம்பி. இந்த டிக் குறிகளை அழிக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

எதிரே நின்ற மூதாட்டி வெர்னா ஹஸ்கின் கைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்ததைப் பார்த்து ஆர்லன் க்விஸ்ட் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். பத்தொன்பது வருஷமாக அவன் தேடி அலைந்த அட்டை!

அமெரிக்காவின் டொலிடோ நகரத் தீயணைப்பு நிலைய ஹாலில் ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் பட அட்டைச் சந்தை. மற்ற மேஜைகளில் எல்லாம் பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் படங்கள், முட்டி மோதும் கூட்டம். ஆர்லனிடம் இருந்ததோ 1954-ல் ஹார்லோ ரொட்டிக் கம்பெனி பொட்டலத்துக்கு ஒன்றாகப் போட்ட உள்ளூர் ‘ஹெரன்ஸ்’ அணியின் அட்டைகள். அதில் ஒருவன்கூடப் பெரிய அணிக்குப் போகவில்லை. பிறகு யார் சீந்துவார்கள்?

இருபத்துநான்கு ஆட்டக்காரர்களையும் சேர்த்துவிட்டான். பெயர்கள் எல்லாம் அச்சிட்ட பட்டியல் அட்டை மட்டும்தான் பாக்கி. சிறுவர்கள் அட்டை கிடைத்த பெயருக்கெல்லாம் டிக் போட்டுவிட்டுத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதனால் அது அகப்படவே இல்லை.

“சத்தியமா அழிக்க மாட்டேம்மா!” என்றான்.

“நல்லது.” வெர்னா ஒரு துணிப் பொட்டலத்தையும் எடுத்து வைத்தாள். “காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. வீட்ல சுட்ட ரொட்டி. நான் போய் ஒரு காபி குடிச்சிட்டு வரேன்.”

அவள் தலை மறைந்ததும் பக்கத்து மேஜை ட்யூக் ஓபர்ஹோல்ட் எட்டிப் பார்த்தான். “கிடைச்சிடுச்சாடா ரொட்டிக்காரா? அடடே, பென்சிலால கிறுக்கி வெச்சிருக்கே! அடுத்த மாசம் பெரிய கண்காட்சியில இதையா வைக்கப் போறே? உன் செட்டைப் பார்த்து ஏற்கெனவே சிரிக்கிறானுங்க. இனிமே உருண்டு பொரண்டு சிரிப்பானுங்க.”

ஆர்லனுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷக் கேலிக்கும் அந்தக் கண்காட்சியில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தான்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். இருபத்துநான்கு கட்டத்திலும் டிக். ஒன்று மங்கல், ஒன்று கறுப்பு, ஒன்று தாளே கிழியும் அழுத்தம். ஒரே நாளில் போட்டதாகத் தெரியவில்லை. கடைசி டிக் மட்டும் வேறு கை போலிருந்தது. நடுங்கி நடுங்கி, நேற்றுப் போட்டதுபோல் பளபளத்தது.

“வாக்குக் குடுத்துட்டேனேடா.”

“ஆமா, அந்தம்மா தினமும் உன் வீட்டுக்கு வந்து கண்ணாடி வெச்சுப் பார்க்கப் போகுதாக்கும்!”

ரப்பரால் தேய்த்தால் அட்டையின் நார் எழும்பிவிடும், கண்காட்சி நடுவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ரொட்டியின் நடுச் சதையைப் பிசைந்து தேய்த்தால் சுவடே தெரியாது. இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த திருட்டுத்தனம் அது. ரொட்டியோ கையெட்டும் தூரத்தில், இன்னும் சூடாக இருக்கிறது. சேகரிக்கிறவன் கை சும்மா இருக்குமா? ஒரு துண்டைப் பிய்த்து உருட்டினான். ‘ஒண்ணே ஒண்ணு மட்டும் பார்ப்போம்’ என்று இருபத்துநான்காவது டிக்கைத் தேய்த்தான். மாயமாக மறைந்துவிட்டது.

ஹாலில் திடீரென்று ஈரப் புல் வாசனை அடித்தது.

“ஏங்க, வெர்னா இங்க வந்தாளா?”

முழங்காலெல்லாம் செம்மண், கம்பளிச் சீருடை, கையில் பந்து பிடிக்கிற தடித்த தோல் உறை. இருபது வயசுப் பையன் ஒருவன் மேஜை முன்னால் நின்றான்.

“ரொட்டிக் கம்பெனி விளம்பரமா தம்பி?” என்று ட்யூக் சிரித்தான்.

ஆர்லனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மடிந்த இடது காதை அவன் பத்தொன்பது வருஷமாகப் பார்த்து வருகிறான். ஆல்பத்தைத் திறந்தான். இருபத்துநான்காம் அட்டையில் மைதானம் இருந்தது, வேலி இருந்தது, கீழே ‘டெல்பர்ட் ஹஸ்கின்’ என்ற பெயர் இருந்தது. நடுவில் ஆள் இல்லை.

“வந்துட்டீங்களா டெல்?” காபிக் கோப்பையோடு வந்த வெர்னா அப்படியே அழுதுவிட்டாள். “நான் கிழவியாயிட்டேனே!”

“அதனால என்னடி?” என்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அம்மா... இவர்... அந்த டிக்கெல்லாம்...” என்று ஆர்லன் இழுத்தான்.

“கூட ஆடினவங்க ஒவ்வொருத்தர் செத்தப்பவும் இவர் ஒரு டிக் போட்டார் தம்பி. போன குளிர்காலத்துல இவருக்கு நான் போட்டேன். நானே அழிச்சுப் பார்த்தேன், விடிஞ்சா குறி திரும்ப வந்துடுது. முழு செட்டும் வெச்சிருக்கிறவர் கையால அழிக்கணும் போல. ஊர்லயே அது நீங்க ஒருத்தர்தானே!”

“நேரா கேட்டிருக்கலாமேம்மா?”

“கேட்டா உங்க அட்டையை வெறுமையாக்க விட்டிருப்பீங்களா? அதான் அழிக்காதீங்கன்னு சொல்லி, பக்கத்துலயே ரொட்டியையும் வெச்சிட்டுப் போனேன்.”

கணவனின் கையைக் கோத்துக்கொண்டு வெர்னா வெளியேறினாள். கதவு மூடவில்லை. ஆளுக்கொரு ரொட்டிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, நரைத்த தலைப் பெண்கள் ஒவ்வொருவராக அவன் மேஜையை நோக்கி வரிசையில் வந்துகொண்டிருந்தார்கள்.